கைப்பிடிக் கம்பி

என் வீட்டுக்காரர் ராமலிங்கம் முப்பத்தோரு வருஷம் ரயில்வே கேட்டைச் சாத்தினார், திறந்தார். வேறு ஒன்றும் செய்யவில்லை. இப்படி நான் சொன்னால் அவருக்குக் கோபம் வராது. வராததைப் பார்த்து எனக்குத்தான் வரும். பிள்ளையார்பாளையத்தில் நெசவுக்கார வீட்டில் பிறந்துவிட்டு, தறிப் பக்கம் தலைவைத்தும் படுக்காமல், பச்சைக் கொடியைப் பிடித்துக்கொண்டு தண்டவாளத்தோரம் நிற்கப் போனவர். என் மாமனார் கண்ணை மூடுகிறவரை அதைச் சொல்லி முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

ஓய்வு பெற்ற மறுமாதம் பாத்திரக் கடையிலிருந்து ஒரு பித்தளைக் குழாயை வாங்கிவந்து கூடத்தில் வைத்தார்.

"எஞ்சின் பண்ணப்போறேன் வேணி" என்றார்.

"இன்னா எஞ்சின்?"

"கரி எஞ்சின். நான் வேலைல சேர்ந்த புதுசுல கூட்ஸ் இழுத்துக்கினு வருமே, அது. சின்னதா, ஒரு முழத்துக்கு."

"முப்பது வருசமா பார்த்தது போதலியா உங்களுக்கு?"

"எங்க பார்த்தேன்? தடதடன்னு வரும், பத்து செகண்டுல போயிடும். நிக்கிற எஞ்சினை நான் சுத்திவந்து பார்த்ததே இல்லமா."

முழுசாக நாலு வருஷம் கூடத்தில் பாதியை அந்த எஞ்சின் பிடித்துக்கொண்டது. தகரத்தை வெட்டுவார், அரத்தால் ராவுவார், ஈயம் வைத்துப் பற்றவைப்பார். குழாய்தான் கொதிகலன் ஆயிற்று. டிரைவர் நிற்கிற கூண்டு ஆயிற்று, சக்கரங்கள் ஆயின. பார்க்க வருகிறவர்கள் எல்லாம் "பரவால்லியே" என்பார்கள். நான் மட்டும் "இன்னும் முடியலியா" என்பேன்.

பெரிய உருப்படிகளை முடித்துவிட்டுச் சின்ன உருப்படிகளை அவர் கடைசிக்கு வைத்திருந்தார். முதலிலேயே வைத்தால் கை பட்டு ஒடிந்துபோகுமாம். கிழமைக்கு ஒன்றாக மாத்திரை போட்டுவைக்கிற ஏழு அறை டப்பா ஒன்று வீட்டில் இருந்தது. அதில் ஞாயிற்றுக்கிழமை அறையில் விசில், திங்களில் முன்விளக்கு, செவ்வாயில் படிகள் என்று செய்து செய்து போட்டுவைத்தார். விசில் பேனா முள்ளில் செய்தது. கொதிகலன் ஓரமாகப் போகிற கம்பிக்கு வளையம் வேண்டும் என்று என் சேஃப்டி பின்களின் தலையையெல்லாம் வெட்டிவிட்டார். ரவிக்கைக்குக் குத்த ஊக்கு இல்லாமல் ஒரு கல்யாணத்துக்கு நான் நூலால் தைத்துக்கொண்டு போனேன்.

சனிக்கிழமை அறையில் இருந்ததுதான் அவருக்கு உயிர். டிரைவர் ஏறுகிற வாசலோரம் செங்குத்தாக நிற்கிற கைப்பிடிக் கம்பி. ஒரு விரல் நீளம்கூட இருக்காது. ஊசிப் பருமன்.

"அதைப் புடிச்சிக்கினுதான் டிரைவர் வெளியே சாய்ஞ்சு எனக்குக் கை காட்டுவாரு. நான் கொடி காட்டுவேன். முப்பது வருசத்துல எங்கிட்ட அவங்க பேசினது அவ்ளோதான்" என்பார். அந்தத் துண்டுக் கம்பியைக் கல்லில் வைத்துத் தட்டித் தட்டி நேராக்க ஒரு வாரம் எடுத்துக்கொண்டார்.

அதற்குள் சர்க்கரை கண்ணுக்கு வந்துவிட்டது. காலுக்கு முன்னமே வந்திருந்தது. ஒருநாள் செருப்பு கழன்றது தெரியாமல் கச்சபேஸ்வரர் கோயில் வரைக்கும் ஒற்றைச் செருப்போடு நடந்துவிட்டு வந்தார். கண் அப்படிச் சிரிக்கிற விஷயமாக இல்லை. இடது கண் போன வருஷமே போயிற்று. வலது கண்ணில் ஊசி போட்டுப் போட்டுப் பார்த்துவிட்டு, சென்னை டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பார்வை இரண்டு மாதம் நிற்கலாம், அதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். தனியாகக் கூப்பிட்டதிலேயே இவருக்குப் புரிந்துவிட்டது. பஸ் வாலாஜாபாத் தாண்டிற்று. அப்புறம் சொன்னார்.

"முழுசா ஒரு தடவை பார்த்துடணும் வேணி. சின்ன சாமானெல்லாம் நீ வச்சுக் குடு. என்னால முடியாது, ரெண்டு ரெண்டாத் தெரியுது."

"எனக்கு இன்னா தெரியும் எஞ்சினைப் பத்தி?"

"உன் கைக்குத் தெரியும்."

அது வாஸ்தவம்தான். என் தொழில் பாவு பிணைப்பது. தறியில் நீளவாக்கில் ஓடுகிற பழைய பாவு தீர்ந்ததும் அதன் ஒவ்வொரு இழை நுனியோடும் புதுப் பாவின் இழை நுனியைச் சேர்த்து முறுக்கவேண்டும். ஒரு பாவுக்கு ஐயாயிரம் இழை வரும். பட்டு இழை வழுக்கும், விரலில் நிற்காது. அதனால் பக்கத்தில் கொட்டாங்குச்சியில் சலித்த சாம்பல் வைத்திருப்போம். தொட்டுக்கொண்டு முறுக்கினால் இரண்டு நுனியும் பிடித்துக்கொள்ளும். பதினாலு வயசிலிருந்து இந்த வேலை. நான் பிணைத்த இழை அறுந்தது என்று எந்தத் தறிக்காரரும் சொன்னதில்லை. அந்தத் திமிர் எனக்கு உண்டு.

கடையில் போய் உடனே பிடிக்கிற பசை நாலு ட்யூப் வாங்கினேன். பத்தே நாளில் டப்பாவை ஞாயிறு முதல் சனி வரைக்கும் காலிசெய்தேன். விசில், விளக்கு, படி, வளையம், குழாய், கடைசியாகக் கைப்பிடி. பசை வைத்துவிட்டுப் பத்து எண்ணுவதற்குள் பிடித்துக்கொண்டது. இவ்வளவுதானா இவருடைய எஞ்சின் வித்தை என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

காலை வெயில் கூடத்தில் விழுகிற நேரத்தில் அவரை உட்காரவைத்து எஞ்சினை முன்னால் வைத்தேன். அவர் முகத்தை அதன் மேல் கவிழ்க்கிற மாதிரிக் குனிந்து, வலது கண்ணை ஓரம் ஓரமாகக் கொண்டுபோனார். தெரிகிற இடம் அந்தக் கண்ணில் ஒரு பொட்டளவுதான் மிச்சம் இருந்தது.

"வெள்ளையா படர்ந்திருக்குதே" என்றார்.

"பசை. தொடச்சா போயிடும்."

விரலால் விசிலைத் தொட்டார். அது விழுந்தது. எடுக்கப் போனபோது முன்கை பட்டுப் படி விழுந்தது. நான் பிடிக்கப் போய் கொதிகலன் ஓரத்துக் கம்பி வளையங்களோடு உரிந்து என் வளையலில் மாட்டிக்கொண்டு வந்தது. கைப்பிடி எப்போது விழுந்ததென்றே தெரியவில்லை. பாய்க்கடியில் கிடந்தது.

"பரவால்லமா. நிதானமா வைக்கலாம்" என்றார்.

"இன்னா பரவால்ல? உங்க கண்ணு நிதானமா இருக்குமா?" என்று கத்தினேன். கத்திவிட்டு அடுப்படியில் போய் நின்றுகொண்டேன். அவர் மேல் கத்தவில்லை, என் மேல்தான். இது அவருக்கும் தெரியும், அதனால்தான் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொள்ளாததுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

மறுபடி வைத்தேன். இந்தத் தடவை இரட்டிப்புப் பசை. அந்த வேலை பன்னிரண்டு நாளைத் தின்றது. அதுவும் உதிர்ந்தது. கொதிகலன் மேல் பசைத் திட்டு சொறி பிடித்த மாதிரி நின்றது. நாலு வருஷம் அவர் பளபளவென்று தேய்த்து வைத்ததை இருபது நாளில் நான் அசிங்கப்படுத்திவிட்டேன். கடைக்காரனிடம் போய்ப் பசை கலப்படமா என்று சண்டை போட்டேன். அவன் அதே ட்யூபில் தன் செருப்பை ஒட்டி இழுத்துக் காட்டினான்.

அன்று சாப்பாட்டில் இவர் முறுக்கு கடித்துக்கொண்டிருந்தார். கடைவாய்ப் பல்லுக்கு ரெண்டு வருஷம் முன்னால் கேப் போட்டது. முறுக்குக்கும் எள்ளடைக்கும் அசையாமல் நிற்கிறது. அதை எதை வைத்து ஒட்டினார்கள் என்று அப்போதுதான் தோன்றியது. அந்தக் கேப் செய்தது சிம்ரன். தாமல் கிராமத்தில் கழனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த எல்லம்மாளின் மகள். இப்போது பல் ஆஸ்பத்திரிக்குப் பின்னாலிருக்கிற லேபில் பல் செய்கிறாள். எஞ்சினை மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டு நேராக அங்கே போனேன்.

சிம்ரன் எஞ்சினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உதிர்ந்த படி ஒன்றை எடுத்துப் பின்பக்கத்தை விளக்கில் காட்டி நகத்தால் சுரண்டினாள்.

"இன்னா ஆன்ட்டி, மாவு மாதிரி கீது? விபூதியா?"

"விபூதி எங்கிருந்து வரும்?"

"உங்க கைல இருக்குதே."

பார்த்தேன். என் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வெளுத்திருந்தன. சாம்பல். கொட்டாங்குச்சி எப்போதும் என் பக்கத்தில்தான் இருக்கும், பாவு இருந்தாலும் இல்லாவிட்டாலும். வழுக்குகிற சாமான் எது கையில் வந்தாலும் என் விரல் தானாகப் போய்ச் சாம்பலைத் தொட்டுக்கொள்ளும். ஒவ்வொரு படியையும் வளையத்தையும் நான் சாம்பல் பூசித்தான் பசையில் வைத்திருக்கிறேன். பசை சாம்பலைப் பிடித்துக்கொண்டு நின்றதே தவிர, பித்தளையைத் தொடவே இல்லை. அம்பது வயசு தாண்டியவள், இது எனக்குத் தெரியவில்லை.

சிம்ரன் சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள்.

"பசை மேல மட்டும் நம்பிக்கை வைக்காதீங்க ஆன்ட்டி. ஓட்டை போடணும். இந்தப் படிக்கு அடியில ஒரு சின்ன கால் வச்சு, அந்தக் கால் ஓட்டைல போய் உக்காரணும். பசை சும்மா காவலுக்குத்தான். ஒட்டற எடத்தை உப்புத்தாள்ல சொரசொரன்னு தேய்ங்க. ஸ்பிரிட் போட்டுத் தொடைங்க. தொடைச்சப்புறம் விரல் படவே கூடாது, இடுக்கில புடிங்க. இந்தப் பசை ரெண்டு ட்யூபைக் கலக்கணும். ஒரு நாள் முழுக்க அசைக்காதீங்க."

"ஒரு சாமானுக்கு ஒரு நாளா?"

"நிக்கணும்னா அப்படித்தான்."

கை துரப்பணம், மயிரிழை மாதிரி ஊசிகள், இடுக்கி எல்லாவற்றையும் ஒரு துணியில் சுற்றிக் கொடுத்தாள். அவள் வீட்டில் நான் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை, அவள் அம்மா என் வாசல் தாண்டி உள்ளே வந்ததில்லை. அன்று அவள் கொடுத்த டீயைக் குடித்தேன். வெட்கமாக இருந்தது, அதையும் சேர்த்து விழுங்கினேன்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். சாம்பல் விஷயத்தைக் கேட்டதும் வெகுநேரம் சிரித்தார்.

"பட்டுல பழகின கை" என்றார். அதோடு சரி. ஒரு திட்டு திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

கொட்டாங்குச்சியைத் தூக்கி மாடியில் வைத்தேன். பழைய பசையைச் சுரண்டவே எட்டு நாள் ஆயிற்று. வந்த பாவு வேலை ரெண்டைத் திருப்பி அனுப்பினேன். ஒன்பதாம் நாள் காலையில் முதல் ஓட்டையைப் போட உட்கார்ந்தேன். அவர் முற்றத்தில் பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"வேணி, யார்னா சாயத்தண்ணி கொட்டினாங்களா?" என்றார்.

"எங்க?"

"என் கண்ணுல" என்றார், ரொம்ப சாதாரணமாக. "கருஞ்சிவப்பா வழியுது. நூல் நூலா."

அன்று சாயங்காலத்துக்குள் அந்த நூல்கள் எல்லாம் ஒன்றாகிவிட்டன. சென்னைக்குப் போனோம். டாக்டர் இந்தத் தடவை என்னைத் தனியாகக் கூப்பிடவில்லை. கூப்பிட்டுச் சொல்ல ஒன்றும் இல்லை. உள்ளே ரத்தம் கசிந்து, விழித்திரை கழன்றுவிட்டது, இனிப் பார்வை திரும்பாது என்று அவர் முன்னாலேயே சொன்னார்.

ஒட்டினது இருபத்திரண்டு நாள், அதைச் சுரண்டினது எட்டு நாள். என் கை சாம்பலைத் தொடாமல் இருந்திருந்தால் அவர் அந்த எஞ்சினை முழுசாகப் பார்த்திருப்பார். ஒரு தடவை. அவர் கேட்டது அவ்வளவுதான். யார் வந்து என்ன சமாதானம் சொன்னாலும் இந்தக் கணக்கு மாறாது. வெளியூரிலிருக்கிற எங்கள் மகள் போனில் "உன் மேல தப்பு இல்லமா" என்றாள். தப்பு என் மேல்தான். நான் போனை வைத்துவிட்டேன்.

ஒரு வாரம் எஞ்சினைப் பெட்டிக்குள் போட்டு மூடிவைத்தேன். அவர்தான் கேட்டார்.

"ஏன் நிறுத்திட்ட?"

"யார் பார்க்கறதுக்கு?"

"நான்தான். ராத்திரி ட்யூட்டில லாந்தர் அணைஞ்சா தடவித் தடவித்தான் கேட்டோட பூட்டைப் போடுவேன். விரலு பார்க்கும் வேணி. ஆனா கெட்டியா வை. தடவறப்ப உதிரக்கூடாது. உதிர்ந்தா அது எஞ்சினே இல்ல."

அதைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. கண்ணுக்குத் தப்பினதைக் கைக்காவது கொடுத்துவிடலாம். பெட்டியைத் திறந்தேன்.

நாளைக்கு ஒரு சாமான். உப்புத்தாள், ஸ்பிரிட், இடுக்கி. விசிலுக்கு ஒரு கால், விளக்குக்கு ஒரு கால், படிக்கு இரண்டு. கால் ஓட்டைக்குள் போய் நின்றதும் உள்பக்கமாக நுனியை மடக்கி, அதன் மேல் பசையை வைத்தேன். மறுநாள் வரை மூச்சுகூடப் படாமல் பார்த்துக்கொண்டேன். காய்ந்ததும் பட்டு நூலை மாட்டி இழுத்துப் பார்ப்பேன். நூல்தான் அறுந்தது. கைப்பிடிக் கம்பிக்கு மட்டும் மூன்று நாள் எடுத்துக்கொண்டேன். மேலேயும் கீழேயும் நுனியை வளைத்து, கூண்டின் தகரத்தில் நுழைத்து, உள்ளே மடக்கி, பசை வைத்து, காய்ந்தபிறகு மேலே இன்னொரு தடவை வைத்தேன். சிம்ரன் ஒருநாள் சாயங்காலம் வந்து பார்த்துவிட்டு, "எங்க லேப்ல வேலைக்கு வந்துடுங்க ஆன்ட்டி" என்றாள். ரொம்ப நாளைக்கப்புறம் சிரித்தேன்.

முப்பத்தைந்தாம் நாள் வேலை முடிந்தது. மதியம் அவர் குளித்து, வேட்டி மாற்றி, நாற்காலியில் உட்கார்ந்தார். கேட்காமலே கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். மடியில் பலகை போட்டு எஞ்சினை வைத்தேன்.

இரண்டு உள்ளங்கையாலும் கொதிகலனைப் பிடித்தார். "ம்" என்றார். புகைபோக்கியைப் பிடித்தார். சக்கரத்தை உருட்டினார். அது சுற்றிற்று. ஒன்றும் உதிரவில்லை. நான் எதிரில் தரையில் உட்கார்ந்து அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவருடைய ஆள்காட்டி விரல் கூண்டின் பக்கமாக ஏறி வாசலோரம் போயிற்று. கைப்பிடிக் கம்பியின் மேல் நின்றது. கீழே இறங்கிற்று, மேலே ஏறிற்று. இன்னொரு தடவை.

"கைப்பிடி எங்கமா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. விரல் அதன் மேல்தான் இருந்தது. அழுத்தினார். கம்பி சதையில் பதிந்து, எடுத்தபோது வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. நடுவிரலை வைத்துப் பார்த்தார். கட்டைவிரலை வைத்துப் பார்த்தார்.

"வழவழன்னு தகரம்தான் இருக்குது. விசிலைக்கூடக் காணோம். மேலதானே வைக்கச் சொன்னேன்?"

விசில் அவர் மணிக்கட்டுக்கு அடியில் இருந்தது. சர்க்கரை காலோடு நின்றது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். பெரிய சாமானை உள்ளங்கை சொல்லிவிடும். ஊசிப் பருமன் கம்பி இருப்பதைச் சொல்ல அவர் விரல் நுனியில் ஒன்றும் மிச்சம் இல்லை.

அவர் என் பக்கமாக முகத்தைத் திருப்பிக் காத்திருந்தார்.

"அதெல்லாம் இன்னும் வைக்கலீங்க" என்றேன்.

அவர் முகம் வாடும் என்று நினைத்தேன். வாடவில்லை. தெளிந்தது.

"அதானே பார்த்தேன். ஒரு நிமிசம் பயந்துட்டேன். ஒண்ணும் அவசரம் இல்ல, நீ சரியாத்தான் பண்ற. அது கடைசில வைக்கறதுதான்." எஞ்சினைத் தட்டிக்கொடுத்தார். "வைக்கற வரைக்கும் அந்தக் கைப்பிடிய எங்கிட்ட குடுத்துடு. நீ எங்கனா போட்டுடுவ. நான் கையிலயே வச்சிக்கினு இருக்கேன்."

"எடுத்துக்கினு வரேன்" என்று சொல்லி எஞ்சினைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். ஏதாவது ஒரு துண்டுக் கம்பியைக் கொடுத்திருக்கலாம். என் கொண்டை ஊசியை நறுக்கிக் கொடுத்திருக்கலாம், அவருக்கு வித்தியாசம் தெரியப்போவதில்லை. அதற்குத்தான் எனக்கு மனசு வரவில்லை. ஒரு வாரம் கல்லில் வைத்துத் தட்டின கம்பி. கேட்கிறது அதைத்தான்.

சிம்ரன் கொடுத்த இடுக்கியால் கைப்பிடியைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. எஞ்சினை முழங்காலுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்தேன். மேடையின் விளிம்பில் வைத்து நெம்பினேன். இடுக்கி வழுக்கி என் கையைக் கிழித்தது. கம்பி நின்ற இடத்தில் நின்றது.

"கெடச்சுதா வேணி?" என்று கூடத்திலிருந்து கேட்டார்.

"தேடிக்கினு இருக்கேங்க" என்றேன்.